விருந்தினருக்கு எந்தச் சாளரம்?

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். செயற்குழுவினரோ இவ்வாண்டு ‘விருந்தினருக்கு அறை பார்த்தல்’ என்னும் பொருளைத் தந்துள்ளனர். சிலர் புன்னகை செய்யக்கூடும். ஆயின், கோடை விடுமுறை பிறந்ததும் நம் குடியிருப்பில் தொலைபேசி ஒலிக்காத இல்லம் எது? மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் உறவினர் அழைக்கின்றனர். “பிள்ளைகள் வொண்டர்லா பார்க்க வேண்டுமாம். அப்படியே தண்ணீர் தெரிகிற மாதிரி ஓர் அறையும் பார்த்து வையுங்கள்” என்கின்றனர். நம் வீடுகளில் பத்துப் பேர் கால்நீட்டிப் படுக்க இடமில்லை. ஆகவே விடுதி தேடும் பொறுப்பு நம்மைச் சேருகிறது. தேர்வு பிழைத்தால் அடுத்த கலியாணம் வரை அந்தப் பேச்சும் நம்மையே சேரும்!

அந்தப் பூங்கா 2000ஆம் ஆண்டில் ‘வீகாலேண்ட்’ என்ற பெயருடன் பள்ளிக்கரையில் தொடங்கியது என்பதை மூத்தோர் அறிவர். மட்டாஞ்சேரியிலிருந்து அங்கே செல்வோர் தோப்பும்படிப் பாலம் கடந்து, எர்ணாகுளம் நகரையும் கடந்தாக வேண்டும். காலையில் புறப்பட்டவர் இருட்டிய பின்பே திரும்புவர். உடல் நனைந்து, கால் ஓய்ந்து வருகிற பிள்ளைகளுக்குத் தலையணை தவிர வேறு காட்சி வேண்டியதில்லை. அவர்கள் பொருட்டு நீரை நோக்கிய அறைக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது இருளுக்குக் கொடுத்த பணமே.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 2001இல் திறந்த ஒரு விடுதியில், புல்வெளியை நோக்கிய அறைகளின் முன்னே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன. புல்வெளி தெரியாத அறைக்கு வாடகை குறைவு. அதே ஆண்டில் தோக்கியோ அருகே திறந்த விடுதியோ பூங்காவின் உள்ளேயே நிற்கிறது. அங்கெல்லாம் சாளரத்தில் நின்றாலே பூங்காவில் நிற்பது போலத்தான். நம் ஊரிலோ பூங்கா ஓரிடம், அறை வேறிடம்.

அப்படியாயின் நீரை நோக்கிய அறையே வேண்டாவா? அங்கேதான் நாம் கவனிக்க மறக்கும் ஒருவர் இருக்கிறார். வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ உடன் வருகின்றனர். முழங்கால் வலியுடன் சறுக்குநீர் விளையாட்டுகளைப் பார்த்துக்கொண்டு வெயிலில் உட்கார இயலாமல், “நான் அறையிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லிவிடுகின்றனர். பிள்ளைகளுக்குப் பத்து மணி நேரப் பூங்கா. அந்த அம்மைக்குப் பத்து மணி நேரமும் நான்கு சுவர். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஒருவரையே மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நம் துணிபு.

இனித் திசையைப் பார்ப்போம். போர்ட்டுக் கொச்சியின் மேற்குக் கரை மாலைச் சூரியனுக்கு உரியது. பகலெல்லாம் அங்கே கடலும் வெயிலுமே. வடகரை சீன வலைகள் நிற்கும் இடம், எதிரே வைப்பீன். துறைமுக வாய் அதுவே ஆதலால் உள்ளே வரும் கப்பல் ஒவ்வொன்றும் கண்முன்னே கடந்து செல்லும். பகல் முழுதும் தனித்திருப்பவருக்கு இதனினும் சிறந்த சாளரம் இல்லை. வாடகையும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கும்!

நம் மட்டாஞ்சேரிக் கரை கிழக்கு நோக்கியது. எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு, கொச்சி உப்பங்கழியின் ஆழத்தைத் தோண்டி எடுத்த மண்ணால் ஆக்கப்பட்டது. 1920இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுக வாயின் மணல்திட்டை வெட்டித் திறந்தார்; 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைக்கு வந்தது. பாட்டியிடம் இதனைச் சொல்லிவைத்தால் அவர் பார்க்கும் தீவுக்கு ஒரு கதை கிடைக்கும். பொழுதெல்லாம் படகுகள் போகும், 2025இல் மட்டாஞ்சேரிக்கும் வந்து சேர்ந்த நீர்மெட்ரோ போகும், செம்பருந்து வட்டமிடும். மழைக்குப் பின் ஆப்பிரிக்கப் பாயல் பச்சைத் தீவுகளாக மிதந்து வரும். ஓதம் வற்றுகையில் அது கடலை நோக்கிச் செல்லும்; ஏறுகையில் திரும்பி வரும். கடிகாரம் பாராமலே நேரம் அறிகிற வேடிக்கை அது.

குறையும் சொல்லவேண்டும் அன்றோ? பஜார் ரோட்டின் பழைய கிட்டங்கிகள் பல இன்று விடுதிகளாகியுள்ளன. சுக்கு மணமும் மிளகு மணமும் சிலருக்கு இன்பம், இருமல்காரருக்குத் துன்பம். விடியலில் லாரிகள் வரும். பழங்கட்டடங்களின் மரப்படிகள் செங்குத்தானவை. பல இடங்களில் மின்தூக்கி இல்லை. மாடியில் எத்தகைய காட்சி இருந்தாலும் ஏற முடியாதவருக்கு அதனால் என்ன பயன்?

‘தண்ணீர் தெரியும்’ என்ற சொல்லிலும் விழிப்பு வேண்டும். நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தார் அச்சொல்லை நம்பி முன்பணம் கட்டினர். வந்து பார்த்தால் இரண்டு கிட்டங்கிகளின் இடையே ஒரு முழ அகலத்தில் நீர் தெரிந்தது, அதுவும் குளியலறைச் சாளரத்தில்! எனவே நேரில் செல்க. கட்டிலில் உட்கார்ந்த நிலையில் என்ன தெரிகிறது என்று பார்க்க. நின்றால் தெரிவது முதியவருக்கு உதவாது. போர்ட்டுக் கொச்சியில் பெரிய மழைமரங்கள் உள்ளன; முதல்மாடியில் இலை மட்டுமே தெரியும் அறைகளும் உண்டு. அதுவும் நல்ல காட்சியே, ஆனால் நீரின் விலைக்கு அதனை வாங்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் சாரலுக்கு அஞ்சிச் சாளரத்தை மூடியே வைப்பர். அப்போது உள்முற்றத்தை நோக்கிய அறை போதும். 2012 முதல் நடைபெறும் பினாலே காலத்திலும், பாப்பாஞ்ஞியை எரிக்கும் டிசம்பர் 31ஆம் நாளிலும் அறை கிடைப்பதே அரிது.

இன்னொரு செய்தி. இவ்வூர் விடுதிகள் பலவற்றின் வெள்ளை விரிப்புகள் வெளியிலுள்ள தோபிக்கானாவில் நம் தமிழர் கைகளால் வெளுக்கப்படுகின்றன. 1976இல் கட்டப்பட்ட அவ்விடத்துக் கொடிகளில் அவை காற்றில் ஆடுவதைக் காண வாடகை ஏதும் இல்லை. பாட்டிக்கு நடக்க முடிந்தால் ஒரு மாலை அழைத்துச் செல்லலாம். தமிழிலேயே பேசிவிட்டு வரலாம்.

சங்கப் படிப்பறை மேசையில் இன்று முதல் ஒரு குறிப்பேடு வைக்கப்படுகிறது. உறவினரைத் தங்கவைத்தவர்கள் எந்த விடுதி, எத்தனையாவது மாடி, எத்தனை படி, எந்தத் திசை, கட்டிலிலிருந்து தெரிவது என்ன என்று ஐந்து வரிகளில் எழுதுமாறு வேண்டுகிறோம். சித்திரை விடுமுறைக்கு முன்பே பத்துப் பக்கமாவது நிறைந்தால் நலம்.