உண்பதும் உடலில் சேர்வதும்

 

ஓர் இல்லத்தைக் கருத்தில் கொள்ளலாம். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார். எண்ணெயைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். குறைத்தல் என்ற சொல் வீடு வந்து சேர்வதற்குள் நீக்குதல் என்று ஆகிவிடுகிறது. முருங்கைக்கீரை உப்பும் நீரும் மட்டும் சேர்த்து வேகவைக்கப்படுகிறது. தாளிப்பு இல்லை, தேங்காய்த் துருவல் இல்லை, சோற்றில் நெய்யும் இல்லை. இதை ஈடுசெய்ய எண்ணி, அயல்நாட்டில் பணிபுரியும் மகன் மஞ்சள் சத்து மாத்திரைக் குப்பி ஒன்றை அனுப்பிவைக்கிறான். குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு அதனையும் பெரியவர் நாள்தோறும் விழுங்குகிறார். இத்தகைய இல்லங்கள் இன்று அரியன அல்ல. அன்பிற்கு அங்கே குறைவில்லை. ஆயினும் கீரையின் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராமற் போகிறது. மாத்திரையின் வழியே தீங்கு நுழையவும் இடம் கிடைக்கிறது.

ஆன்டி ஆக்சிடென்ட் என்று இன்று எல்லோர் நாவிலும் வழங்கும் பொருளை ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் எனத் தமிழில் குறிக்கின்றனர். நாவிற்கு எளிய சொல் அன்று, பொருளோ எளியது. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது நிலையற்ற சில மூலக்கூறுகள் தோன்றி அணுக்களைச் சிதைக்கின்றன. அவற்றை அடக்கும் ஆற்றல் தாவரங்களின் பல நிறமிகளுக்கு உண்டு. கடும் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் இலை தன்னைக் காத்துக்கொள்ள ஆக்கிக்கொண்ட பொருள்கள் அவை. கீரையின் லூட்டீன், பரங்கிக்காயின் பீட்டா கரோட்டின், தக்காளியின் லைக்கோபீன் ஆகியவை இவ்வகையின.

இலையில் இருப்பது வேறு, குருதியில் கலப்பது வேறு. இந்நிறமிகள் தாவர அணுவின் உறுதியான சுவருக்குள் அடைபட்டுள்ளன. சுவர் உடைந்தாலன்றி அவை வெளிவாரா. வெளிவந்தாலும் நீரில் கரையா. கொழுப்பில் மட்டுமே கரையும். உணவில் கொழுப்பு இருந்தால் பித்தநீர் சுரந்து, நிறமிகளை நுண்துளிகளாக்கிக் குடற்சுவரின் வழியே ஏற்றிவிடும். கொழுப்பே இல்லையெனில் அவற்றுள் பெரும்பாலானவை வந்த வழியே கழிந்துபோகும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. பசலைக்கீரை, தக்காளி, கேரட் முதலியன கலந்த பச்சைக் காய்கறிக் கலவை 7 பேருக்கு வெவ்வேறு நாள்களில் வழங்கப்பட்டது. ஒருமுறை எண்ணெய் அறவே இல்லை. ஒருமுறை 6 கிராம். ஒருமுறை 28 கிராம். எண்ணெய் இல்லாத கலவையை உண்டபின் குருதியில் இந்நிறமிகள் ஏறக்குறைய ஏறவே இல்லை. எண்ணெய் கூடக்கூட அவையும் கூடின. காய்கறியோ ஒன்றேதான்!

இதனால் எண்ணெயை அள்ளி ஊற்றலாம் என்று பொருளாகாது. ஒரு வேளை உணவில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே இப்பணி பெரிதும் நடைபெறும். அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி எண்ணெய். அப்பளத்தையும் வடையையும் விட்டுவிட்டு, மருத்துவர் வகுத்த அளவிற்குள் அந்த ஒரு தேக்கரண்டியைக் கீரைக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. கிழங்கு வகைகளை விலக்கும் சமண இல்லங்களில் கேரட்டிற்கு இடமில்லை. அதனால் இழப்பும் இல்லை. முருங்கைக்கீரையிலும் பரங்கிக்காயிலும் பப்பாளியிலும் அதே பீட்டா கரோட்டின் உள்ளது.

சுவரை உடைக்கும் வேலையை அடுப்பும் மத்தும் செய்கின்றன. கீரையைப் பொடியாக அரிந்து, வேகவைத்து, மத்தால் கடையும்போது அணுக்கள் சிதைந்து நிறமிகள் விடுபடுகின்றன. பச்சைத் தக்காளியைவிட எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்தே லைக்கோபீன் மிகுதியாகக் கிடைக்கிறது. நெல்லிக்கனியின் வைட்டமின் சி மட்டும் இதற்கு மாறானது. அது நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது, எண்ணெயை வேண்டாதது. நெல்லியைப் பச்சையாக உண்பதும், எலுமிச்சையைப் பாத்திரம் இறக்கியபின் பிழிவதும் நன்று.

மஞ்சளின் கதை தனியானது. அதன் குர்குமின் என்னும் பொருளைக் கல்லீரலும் குடலும் அயற்பொருளெனக் கருதி விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியே உண்டோர் குருதியில் அது காண்பதற்கே அரிதாயிற்று. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது அதன் அளவு ஏறத்தாழ 20 மடங்காயிற்று. உடனே, முன்னோர் இதையறிந்தே இரசத்தில் இரண்டையும் சேர்த்தனர் என்று மேடைகளில் முழங்குவது எளிது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்குதான். இரசத்தில் இடும் சிட்டிகையில் இருப்பது சில மில்லிகிராமே. அது நல்ல உணவு, மருந்தன்று.

குப்பியில் வரும் மாத்திரையோ அவ்வாறன்று. பைப்பரின் குர்குமினை மட்டும் தேர்ந்து காப்பதில்லை. உடல் வெளியேற்ற வேண்டிய வேறு மருந்துகளையும் தேக்கிவைக்கும். வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் அவற்றுள் ஒன்று. வார்ஃபரினோடு மஞ்சள் சத்து சேர்ந்தால் குருதிக் கசிவு நேரலாம். உறிஞ்சுதலை மிகுவிக்கும் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கேடுறலாம் என ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது. அதற்கும் முன்பே, 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் ஆடவர்க்குப் பீட்டா கரோட்டினை மாத்திரையாக நாள்தோறும் கொடுத்தபோது நுரையீரல் புற்று குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியது.

அந்தப் பெரியவர் அடுத்தமுறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, மருமகள் மற்ற மருந்துகளோடு மஞ்சள் குப்பியையும் எடுத்துச்சென்று காட்ட வேண்டும். கீரையில் எண்ணெய் சேர்க்கலாமா, எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டறிய வேண்டும். வார்ஃபரினின் செயலை எதிர்க்கும் வைட்டமின் கே கீரையில் உண்டு. அதுவும் கொழுப்பில் கரைவதே. ஆதலின் கீரையின் அளவையோ எண்ணெயின் அளவையோ திடீரெனக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. மருத்துவர் இசைந்து, குருதிச் சோதனையும் சீராக இருந்தபின், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்த கீரை மசியல் இலைக்கு வருமாயின், பத்தியம் கெட்டதென்று பெரியவர் அதை ஒதுக்க வேண்டியதில்லை.