பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம்
(மாதுங்காவில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஒரு பல் வைத்தியர் பேசியது)



சீமந்தம் என்றால் சாஸ்திரிகள், புடவை, வளையல், சமையல் என்று எல்லாவற்றையும் யோசிக்கிறோம். அந்தப் பெண்ணின் பல்லை யாரும் யோசிப்பதில்லை.

பல வருஷங்களுக்கு முன் செம்பூர் மாமி ஒருவர், ஐந்து மாத கர்ப்பிணியான மாட்டுப்பெண்ணை அழைத்து வந்தார். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். அப்போது நான் தொழிலுக்குப் புதிது. "பிரசவம் ஆகட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். ரத்தத்துக்குப் பயந்து அந்தப் பெண் பிரஷ்ஷையே தொடவில்லை. குழந்தையுடன் திரும்பி வந்தபோது இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. தவறு என்னுடையது.

குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது உண்மையல்ல. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் கூடுவதால், பல்லில் படியும் அழுக்குக்கு ஈறு அதிகமாக வீங்குகிறது. ரத்தம் வந்தால் மிருதுவான பிரஷ்ஷால் இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும், நிறுத்தக் கூடாது.

மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காதீர்கள். அமிலத்தால் பல் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி கழித்துத் தேயுங்கள்.

நான்கு முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு மிகவும் சௌகரியமான காலம். வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமும் வரலாம். சுத்தம் செய்வது, அடைப்பது, மரக்க ஊசி போட்டுப் பல் எடுப்பது எல்லாம் செய்யலாம். கர்ப்பிணி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லைக் கறைப்படுத்தும்.

ஈறு நோய்க்கும் குறைப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று சொன்னது. 2006-இல் அங்கேயே 823 கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். ஈறு சிகிச்சையால் குறைப் பிரசவம் குறையவில்லை. ஆனால் ஈறு குணமானது. சிகிச்சையால் ஆபத்தும் வரவில்லை. அதனால் யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை. பயத்தைப் போக்கவே வந்தேன்.

தாராவியிலிருந்து நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதைச் சொல்லுங்கள். மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அடுத்த சீமந்தத்துக்கு நாள் பார்க்கும்போது, பல் வைத்தியரிடமும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.