புதுப்பலகையும் அடித்துடுப்பும்



பால் வெட்டுகிறவர்களுக்குப் புதுக்கத்தியின் சங்கதியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய கத்தி கையோடு பழகிப் போயிருக்கும். புதியது வந்தால் முதல் சில நாட்கள் பட்டை தடிப்பாக விழும். அல்லது வெட்டு ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தும். குறை கத்தியிலா, கையிலா என்று சந்தேகம் வரும். கடல் அலைமேல் பலகையில் நின்று சறுக்கி விளையாடுகிறவர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு. அந்தப் பலகையைப் பற்றியும், அதன் அடியில் இருக்கும் துடுப்பைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

“இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு?” என்று சில பெற்றோர் கேட்கலாம். முதலாவதாக, இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. பசிபிக் மாக்கடலில் உள்ள ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு. இரண்டாவதாக, நம் பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையிலேயே இது நடக்கிறது. நவம்பர் தொடங்கி மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கிளப்பிவிடும் மாதங்களில், பலகையும் கையுமாக இளைஞர்கள் அங்கே கூடிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து விடுதிகளில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை தொற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

துடுப்பு என்றதும் படகு வலிக்கும் துடுப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். மீனின் உடம்பில் இருக்கிறதே, அந்தத் துடுப்பு. பலகையின் பின்பகுதியில், அடிப்பக்கத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அலை என்பது நகர்ந்து வரும் ஒரு மேடு. அந்த மேட்டின் சரிவில் நேராகக் கீழே இறங்காமல், குறுக்கே ஓட வேண்டும் என்பதுதான் விளையாட்டு. துடுப்பில்லாத பலகையில் குறுக்கே போகப் பார்த்தால் வால் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய்விடும், மழைக்காலத்தில் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போவதைப் போல. 1935ஆம் ஆண்டில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், ஹவாயில், ஒரு விசைப்படகின் அடிக்கட்டையை எடுத்துத் தம் பலகையின் அடியில் பொருத்திப் பார்த்தார். வால் வழுக்குவது நின்றது. அத்தனை நூற்றாண்டு விளையாட்டில் இந்தச் சின்னத் துண்டு அதுவரை யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

அதன்பின் பல ஆண்டுகள் ஒற்றைத் துடுப்புத்தான். அது நிதானமானது, பலகையை நேராக ஓட வைக்கும், ஆனால் சட்டென்று திரும்ப விடாது. பிறகு இரட்டைத் துடுப்பு பரவியது. ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டைத் துடுப்புப் பலகையில் ஏறி 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக வெற்றியாளரானார். அவர் பலகை அம்பு போல் பாயும், நினைத்த இடத்தில் திரும்பும். உடனே எல்லாரும் அதையே கேட்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் சைமன் ஆண்டர்சன் என்பவர் வருகிறார். அவரும் ஆஸ்திரேலியர். ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு. போட்டியாளரே ஆனாலும், பலகை செய்வதும் அவர் தொழில். இரட்டைத் துடுப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பாரத்துக்கு, பெரிய அலையில், வால் பிடிமானமில்லாமல் நழுவியது. பழைய ஒற்றைத் துடுப்புக்கே திரும்பலாமென்றால், புதிய ஆட்டத்தின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. வேறு யாராவது என்றால் தம் காலைக் குறை சொல்லிக்கொண்டு ஒதுங்கியிருப்பார்கள். அவரோ 1980ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இரண்டு துடுப்புகளோடு மூன்றாவது ஒன்றையும் வால் நடுவில் சேர்த்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. முன்னால் இருக்கும் இரண்டும் மூக்கை நோக்கிச் சற்றே உள்வாங்கி நிற்கும். அவை வேகமும் திருப்பமும் தருகின்றன. பின்னால் இருக்கும் ஒன்று வாலைப் பிடித்து நிறுத்துகிறது. 1981இல் விக்டோரியா மாநிலத்துப் பெல்ஸ் கடற்கரையில் மிகப் பெரிய அலைகள் எழுந்த போட்டியில் இந்தப் பலகையோடு இறங்கி அவர் வென்றார். கேலி பேசியவர்களின் வாயும் அடைந்தது. இதற்கு அவர் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை. இன்று உலகில் விற்கும் குட்டைப் பலகைகளில் பெரும்பாலானவை மூன்று துடுப்பு வைத்தவையே.

என்னிடம் படித்த ஒரு பையன் செராத்திங்கில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மாற்றுக்கையில் ஒரு பலகை வாங்கினான். பழையதைவிட நீளம் குறைவு, அகலமும் குறைவு. அன்றைக்கே துடுப்புகளையும் மாற்றிவிட்டான். கடலில் இறங்கினால் எழுந்து நிற்கவே முடியவில்லை. “சார், பணம் போச்சு” என்றான். பலகையா காரணம், துடுப்பா காரணம் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆரம்பப் பள்ளி அறிவியல் பாடத்தில், ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துச் சோதனை செய்யச் சொல்கிறோமே, அது தேர்வுத்தாளோடு போய்விடுகிறது.

புதுப்பலகை வந்தால் முதலில் துடுப்பைத் தொட வேண்டாம். அலை சிறிதாக உள்ள நாளில் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரை வலித்து, உடம்பு எந்த இடத்தில் இருந்தால் பலகை மட்டமாக மிதக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். அதிகம் முன்னால் படுத்தால் மூக்கு தண்ணீரில் குத்தும். பின்னால் போனால் பலகை நகராது, கை மட்டும் வலிக்கும். பலகை குட்டையானால் அந்த இடமும் மாறிவிடும். பையனுக்கு முதல் தொல்லை இதுதான்.

இந்தப் பழக்கம் வந்த பிறகு துடுப்புக்குப் போகலாம். இப்போது பெரும்பாலான துடுப்புகள் கழற்றி மாட்டக்கூடியவை. பெரிய துடுப்பு பிடிமானம் தரும். சிறியது திரும்புவதற்கு இளக்கம் தரும். நீளப் பலகைகளில் நடுத்துடுப்புக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகமான காடி இருக்கும். அதில் துடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் பலகை நேராக ஓடும், முன்னுக்குக் கொண்டுவந்தால் எளிதாகத் திரும்பும். அரை அங்குலம் நகர்த்தினாலே பழகிய காலுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாற்றம் செய்து, பல அலைகள் ஏறிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நான்கு துடுப்புப் பலகைகளும் இருக்கின்றன. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அவற்றால் இப்போதைக்கு வேலையில்லை என்பது என் எண்ணம்.

தாய்மார்களுக்கு ஒன்று. துடுப்பின் விளிம்பு சதையைக் கிழிக்கும். தொடங்குகிறவர்களுக்கு மெத்தென்ற நுரைப்பலகையும் மென்மையான பிளாஸ்டிக் துடுப்பும் போதும். விழும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளப் பழக வேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் கடல் பக்கமே போகக் கூடாது. பருவக்காற்று மாதங்களில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் நன்றாக நீந்துகிறவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

உப்புத்தண்ணீர் துடுப்பின் திருகாணியை அரித்துவிடும். ஆகவே கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடுத்த முறை இறங்குமுன் ஒவ்வொரு துடுப்பையும் விரலால் அசைத்துப் பார்த்து, ஆடினால் முறுக்கிவிட வேண்டும். இந்தப் பையன் பழைய துடுப்புகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு, இப்போது படுக்கும் இடத்தைத்தான் பழகிக்கொண்டிருக்கிறான்.