சுவரில் பட்டு மீளும் பந்து
(நமது சங்கக் கூட்டத்திலே நிகழ்த்திய உரை)



சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையிலே, ஒரு பந்தையும் ஒரு சுவரையும் பற்றிப் பேச நாம் முன்வந்துள்ளோம். பொருள் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், வீதியிலே மோட்டார்ச் சைக்கிளில் விரையும் நம் பிள்ளைகளின் உயிரோடு அது தொடர்புடையது என்பதை உரையின் முடிவிலே காண்பீர்கள்.

மாணவரிடம் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு பந்து செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் சென்று சுவரிலே நேராக மோதுகின்றது, அதே கதியில் திரும்பி வருகின்றது. அதன் உந்தம் எவ்வளவு மாறியது?" பலர் சற்றும் தயங்காமல், "மாற்றமே இல்லை; போனதும் பத்து, வந்ததும் பத்து" என்பர். கேட்பதற்குச் சரிபோல இருக்கும் இவ்விடை முற்றிலும் பிழை.

பிழை எங்கே? பொருளின் திணிவை அதன் வேகத்தாற் பெருக்க வருவது உந்தம். வேகம் என்பது எவ்வளவு விரைவு என்பதை மட்டும் குறிப்பதன்று. எத்திசை நோக்கி என்பதும் அதனுள் அடங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் புகைவண்டியும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் புகைவண்டியும் ஒரே கதியில் ஓடக்கூடும். அதற்காக இரண்டும் ஒன்றென்று எண்ணி எவரும் ஏறி அமர்வதில்லை அன்றோ?

கிரிக்கெற் பந்தின் திணிவு ஏறக்குறைய 160 கிராம், அதாவது 0.16 கிலோகிராம். பத்து மீற்றர் கதியிலே அதன் உந்தம் 1.6 அலகு. சுவர் முதலில் அப்பந்தைத் தடுத்து நிறுத்த வேண்டும், அதற்கு 1.6 அலகு. பின்னர் எதிர்த்திசையிலே அதே கதியில் ஓட்ட வேண்டும், அதற்கும் 1.6 அலகு. ஆக மொத்த மாற்றம் 3.2 அலகு. வந்ததை நிறுத்துவதைவிட வந்தபடியே திருப்பி அனுப்புவது சுவருக்கு இரு மடங்கு பாரம். உண்மையிலே பந்து மோதும்போது அதன் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் கழிந்துவிடும். ஆகவே அது குறைந்த கதியிலேதான் மீளும். ஐந்து மீற்றர் கதியில் மீண்டால் மாற்றம் 2.4 அலகு.

இனி, நேரம் என்பதைக் கவனிப்போம். ஐசாக் நியூற்றன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இயக்க விதிகளை வகுத்துரைத்தார். அவற்றின்படி, விசையை அது தொழிற்படும் நேரத்தாற் பெருக்க வரும் கணத்தாக்கு உந்த மாற்றத்துக்குச் சமனாகும். நமது பந்து சுவரைத் தொட்டு நிற்பது ஒரு செக்கனின் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் எனக் கொள்வோம். அப்பொழுது சராசரி விசை 1200 நியூற்றன். ஏறக்குறைய இரு வாலிபரின் நிறை! அதே பந்தைக் கையைப் பின்னிழுத்து ஏந்துபவர் அதனை நிறுத்துகின்றாரேயன்றித் திருப்புவதில்லை. ஆதலால் மாற்றம் 1.6 அலகு மாத்திரமே. நேரத்தையும் ஒரு செக்கனின் பத்திலொரு பங்காக அவர் நீட்டிவிடுகின்றார். கையில் விழும் விசை 16 நியூற்றன்தான். பந்து ஒன்றே; ஏற்கும் முறை வேறு.

திருப்பி அனுப்புவதால் வரும் இந்த மேலதிகத் தாக்கம் நன்மைக்கும் உதவும். அமெரிக்காவிலே லெஸ்ரர் பெல்ற்றன் என்பவர் 1880இல் காப்புரிமை பெற்ற நீர்ச்சில்லின் ஓரங்களிலே இரட்டைக் கிண்ணங்கள் உள்ளன. தட்டையான தகட்டிலே மோதும் நீர் பக்கங்களிலே சிதறிப் போகும். இக்கிண்ணங்களோ நீர்த்தாரையை ஏறக்குறைய வந்த வழியே திருப்புவதால், கிடைக்கும் தள்ளுகை இரட்டிப்பை நெருங்குகின்றது. நம் நாட்டிலே 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பழைய லக்சபானா நீர்மின் நிலையத்திலே சுழல்பவை இவ்வகைச் சில்லுகளே.

ஆயினும் மோதுவது மனிதனின் தலையானால், இரட்டிப்பு நமக்கு வேண்டாத ஒன்று. ஆள் உயரத்திலிருந்து சாய்ந்து விழும் தலைகூடச் செக்கனுக்கு ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட கதியில் நிலத்தை அடையும். தார் வீதி இரங்கிக் கொடுக்காது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் இறுகிய நுரைப்படை நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகின்றது. நேரம் நான்கு மடங்கானால் சராசரி விசை நான்கிலொன்றாகும். அப்படை இறப்பரைப் போல மீண்டெழாமல் நசுங்கியபடியே இருப்பதும் காரணத்தோடுதான். மீண்டெழுந்தால் தலையைத் திருப்பி எறியும். உந்த மாற்றமும் கூடும். ஆகவே, பலத்த அடியேற்ற கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும், அதன் கடமை முடிந்துவிட்டது. அதனை மீண்டும் அணிதல் ஆகாது. நாடிப்பட்டி பூட்டாத கவசமும் விழும் வேளையிலே கழன்றோடிவிடும்.

பெரியோர்களே, இப்பந்து நமக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகின்றது. இது விஞ்ஞான விதியன்று; ஓர் உவமை மாத்திரமே. நம்மை நோக்கி வரும் சுடுசொல்லைச் சுவர்போல நின்று வந்த வேகத்திலே திருப்பினால் இரு பக்கமும் பாரம் மிகும். ஏந்தும் கைபோலச் சற்றே பின்வாங்கி, நேரம் கொடுத்து ஏற்றால் அது நம்மிடமே அடங்கிவிடும். பொறுமை என்று நம் முன்னோர் போற்றியது கோழைமையை அன்று. இந்த ஏற்கும் திறனையே.

வாலிபர்களே, நாம் வேண்டுவது ஒன்றே. இன்று கூட்டம் முடிந்து வீடு திரும்புகையில், தலைக்கவசத்தைக் கைபிடியிலே தொங்கவிடாது தலையிலே அணிந்து, நாடிப்பட்டியை இறுகப் பூட்டிச் செல்லுங்கள். வாசலிலே உங்களை எதிர்பார்த்து ஒரு தாய் நிற்பாள். எல்லாம் வல்ல இறைவன் உங்களைக் காத்தருள்வானாக.