தசை நோயும் தலைவிதியும்



ஐந்து வயதுப் பையன் அடிக்கடி விழுந்து, பன்னிரண்டு வயதுக்குள் நடையிழந்தால், "பூர்வஜென்ம பாவம்" என்று புரோகிதன் பரிகாரப் பணம் கேட்கிறான். ஊரார் தாயைத் தூற்றுகிறார்கள்.

உண்மை என்ன? தசைச் செல்லின் மேல்தோலை உட்சட்டத்தோடு பிணைப்பது டிஸ்ட்ரோபின் என்னும் புரதம், 1987-ல் கண்டறியப்பட்டது. அதன் ஜீன் பழுதானால், தசை சுருங்குந்தோறும் தோல் கிழிகிறது. இதில் கர்மம் எங்கே வந்தது?

மனித ஜீனைப் புகுத்தினால் பாக்டீரியாவே இப்புரதத்தின் துண்டுகளைச் செய்து கொடுக்கிறது. அந்தக் கிருமி, "இது எந்த ஜாதியான் ஜீன்?" என்று கேட்டதுண்டா?

2023-ல் அமெரிக்காவில் சுருக்கிய ஜீனையே மருந்தாக அனுமதித்தார்கள். முழுக்குணமில்லை, ஆபத்துமுண்டு என்பதை விஞ்ஞானம் ஒளிக்கவில்லை. எந்தப் புரோகிதன் அப்படிச் சொல்லியிருக்கிறான்?

ஆகவே தோழர்களே, பிள்ளை தள்ளாடினால் டாக்டரிடம் ஓடுங்கள், தாயைத் தூற்றாதீர்கள்!