விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரே தலைவர்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கணிப்பொறித் துறையில் நுழைவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். நுழைந்து சில ஆண்டுகள் ஆனபின், "இனி இந்தப் பத்துப் பேருக்கும் நீதான் பொறுப்பு" என்று ஒரு நாள் சொல்வார்களே, அந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தில் நான் தோற்றவன். அதனால்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு ஆண்டு அனுபவம். குழுவிலேயே வேகமாகப் புரோகிராம் எழுதுபவன் நான். அதற்காகவே டீம் லீடர் பதவி தந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடினமான வேலை வந்தால் நானே எடுத்துக்கொண்டேன். இளையவர் எழுதியதில் குறை கண்டால், கூப்பிட்டுச் சொல்லாமல், இரவோடு இரவாக நானே மாற்றி எழுதினேன். ஆறு மாதத்தில் நல்ல திறமைசாலிப் பையன் ஒருவன் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றான். "அண்ணே, நான் சாயங்காலம் எழுதினது காலையில இருக்கறதில்ல. எனக்கு இங்க என்ன வேலை?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

வணிகப் பெருமக்களுக்கு இது புதிதல்ல. ஜவுளிக் கடையில் நன்றாக விற்பவரைக் கிளைக்குப் பொறுப்பாளராகப் போடுகிறீர்கள். வாடிக்கையாளர் வந்ததும் அவரே ஓடிப்போய்த் துணியை விரிக்கிறார். மற்ற நால்வர் கைகட்டி நிற்கிறார்கள். இருப்புக் கணக்கைப் பார்க்க ஆளில்லை. நல்ல விற்பனையாளரை இழந்தீர்கள். நல்ல பொறுப்பாளரும் கிடைக்கவில்லை!

ஆள் கூட்டினால் வேலை முடியுமா?

1964ல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணிப்பொறி வரிசையை அறிவித்தது. அதற்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ். வேலை காலம் தாழ்ந்தது. தம் அனுபவத்தை அவர் 1975ல் நூலாக எழுதினார். அதில் அவர் சொன்ன பாடம் இன்றும் பேசப்படுகிறது: பிந்திப்போன மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால், அது மேலும் பிந்தும்.

ஏன்? புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. ஒருவருக்கொருவர் கலந்து பேசவும் வேண்டும். 5 பேர் என்றால் இருவர் இருவராகப் பேச 10 வழிகள். 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1225! மூட்டை இறக்க ஆள் கூட்டலாம். சிந்தனை வேலைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

புரூக்ஸ் தம் தவறையும் மறைக்கவில்லை. மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்ற விவரக் குறிப்பை எழுத வடிவமைப்பாளர்கள் 10 பேர் 10 மாதம் கேட்டார்கள். அது கெடுவைவிட 3 மாதம் அதிகம். மற்றொரு மேலாளரோ, தம்மிடமுள்ள 150 பேர் கெடுவுக்குள் முடிப்பார்கள் என்றார். புரூக்ஸ் 150 பேரிடம் கொடுத்தார். அதுவும் 3 மாதம் பிந்தியது, தரமும் குறைந்தது. பிழை களையும் வேலையில் ஓராண்டு கூடிப்போனது என்று அவரே கணக்கிட்டார். தம் முடிவு தவறு என்று பெயர் போட்டு எழுதினாரே, அதுவல்லவா தலைமை!

மேலாளர் தேவையா?

கூகுள் நிறுவனம் 2002ல் பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று சோதித்துப் பார்த்தது. சில மாதங்களே அது நிலைத்தது. பிறகு 2008 முதல், நல்ல மேலாளரிடம் என்ன இருக்கிறது என்று அந்நிறுவனமே ஆராய்ந்தது. எட்டுப் பண்புகள் கிடைத்தன. முதலிடம், பிறரைப் பயிற்றுவித்து வளர்ப்பதற்கு. தொழில்நுட்பத் திறமைக்கு எட்டாவது இடம்! அது தேவையில்லை என்பதல்ல. அது மட்டும் போதாது.

இன்னொன்று. எல்லோரும் மேலாளராகித்தான் உயர வேண்டும் என்பதில்லை. ஐ.பி.எம். 1962லேயே தன் சிறந்த வல்லுநர்களுக்கு 'ஃபெல்லோ' என்ற உயர் தகுதியை ஏற்படுத்தியது. இன்று பல நிறுவனங்களில் நிர்வாகத்துக்கு ஓர் ஏணி, தொழில்நுட்பத்துக்கு ஓர் ஏணி என இரண்டு இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்று யோசித்து ஏறுங்கள். பிள்ளைக்கு 'மேனேஜர்' பட்டம் வரவில்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டாம்.

தலைமை ஏற்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. பிழையைக் கண்டால் திருத்தாதீர்கள். கேள்வி கேளுங்கள், எழுதியவரே திருத்தட்டும். வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். அதில் பாதிக்கு மேல் அவர் பேசட்டும். நீங்கள் ஒரு நாளில் முடிக்கும் வேலையை, மூன்று நாள் எடுப்பவரிடம் கொடுங்கள். அடுத்த முறை அவர் இரண்டு நாளில் முடிப்பார். பழுது ஏற்பட்டால், 'யார் செய்தது?' என்று கேட்காதீர்கள். 'எந்த ஏற்பாடு இதற்கு இடம் கொடுத்தது?' என்று கேளுங்கள். அப்போதுதான் அடுத்த பழுதை உங்களிடம் மறைக்கமாட்டார்கள்.

அந்தப் பையனை இரண்டு ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாகப் பேசினான். ஆனால் திரும்பி வரவில்லை. அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

சகோதரர்களே! நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போயிருக்கும்போதும் வேலை தடையின்றி நடந்தால், நீங்கள் தலைவர். நடக்கவில்லை என்றால், பெரிய சம்பளம் வாங்கும் ஒரு தனியாள், அவ்வளவுதான். கடைக்கும் இதுவே கணக்கு.