கோலாவும் முதலையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



முதலை என்றதும் நம் நினைவுக்கு வருவது கஜேந்திரனின் காலைப் பற்றிய முதலை. அடுத்தது, அவிநாசியிலே பாலகனை விழுங்கி, சுந்தரமூர்த்தி நாயனார் பொருட்டு அவனை மீளக் கொடுத்த முதலை. நமக்கு அச்சமே மேலிடுகிறது. கோலாவின் படத்தைக் கண்டாலோ, தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றுகிறது. இவ்விரண்டும் வாழும் நாடு அவுஸ்திரேலியா. அவற்றை ஒப்பிட்டு இன்று சிறிது சிந்திப்போம்.

கோலாவைக் கரடி என்பர், அது கரடியன்று. கங்காருவைப் போல வயிற்றிற் பையுடைய பிராணி. பிறக்கும்போது குட்டி ஒரு கிராம் நிறைகூட இராது. ஏறத்தாழ 6 மாதம் தாயின் பைக்குள்ளேயே வளரும். யூக்கலிப்டசு இலையே கோலாவின் உணவு. அவ்விலையில் நஞ்சு மிகுதி, சத்தோ குறைவு. ஆதலால் நாளொன்றில் 18 மணி நேரமளவு மரக்கிளையில் உறங்கிச் சக்தியைச் சேமிக்கிறது.

உவர்நீர் முதலை, ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. ஆண் முதலை 6 மீற்றர் வரை நீளும். 1,000 கிலோகிராம் வரை நிறுக்கும். நமது இலங்கையின் கழிமுகங்களிலும் இவ்வினம் உண்டு. எனினும் அது எந்நேரமும் இரை தேடித் திரிவதில்லை. அசையாது கிடந்து, மாதக்கணக்கில் உணவின்றியும் உயிர் தரிக்கும். பொரித்த குஞ்சுகளைத் தாய் தன் வாயிலே மெல்ல ஏந்திச் சென்று நீரில் விடும். ஆகவே கோலாவைச் சோம்பேறி என்பதும் தவறு. முதலையை இரக்கமற்றது என்பதும் தவறு.

தோலுக்காக மனிதன் இரண்டையும் கொன்றான். 1927ஆம் ஆண்டில் குயீன்ஸ்லாந்தில் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோலாக்கள் மாண்டன. மக்கள் கொதித்தெழுந்தனர், பின்னர் அவ்வேட்டை ஒழிந்தது. வடபிரதேசத்தில், இரண்டாம் உலகப் போரின் பின் நடந்த வேட்டையால் முதலைகள் சில ஆயிரமாக அருகின. 1971இல் அங்கே தடை வந்தது. இன்று அவை ஏறத்தாழ ஓர் இலட்சம்.

கோலாவின் கதி என்ன? 2022இல் குயீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்சு, தலைநகர்ப் பிரதேசம் ஆகியவற்றில் அது அழியும் ஆபத்திலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது. யாவரும் அஞ்சும் முதலை பெருகிற்று. யாவரும் கொஞ்சும் கோலா குறைகிறது! இது ஏன்? முதலைக்கு அதன் ஆறும் சதுப்பும் எஞ்சியிருந்தன. கோலாவின் மரங்களையோ மேய்ச்சலுக்காகவும் வீடுகளுக்காகவும் தறித்துவிட்டனர். வீதி விபத்தும் நோயும், 2019-20 காட்டுத்தீயும் மிகுதியைச் செய்தன.

அன்பர்களே, ஜீவகாருண்யம் பற்றி இம்மேடையில் அடிக்கடி பேசுகிறோம். கண்ணுக்கினியதைக் கொஞ்சுவது எளிது. ஓர் உயிர்க்கு அதன் இருப்பிடத்தை விட்டுவைப்பதே கடினம். கோலாவின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, நம் வளவிலுள்ள வேம்பைத் தறிப்போமாயின், நம் இரக்கம் யாருக்குப் பயன்? இதனைச் சிந்தித்தபடியே இன்று வீடு செல்வோம்.